'இவருக்குப் பதில் இவர்' மட்டும்தான் காரணமா? ஹிட் சீரியல்கள் சறுக்கும் இடம் எது?

நல்லா ஓடிக்கிட்டிருக்கிற சீரியல். திடீர்னு ஒருநாள் ஸ்கிரீன்ல ஒரு கார்டு. 'இனி இவருக்குப் பதில் இவர்'. அவ்வளவுதான், கமென்ட் பாக்ஸ் பத்திக்கும். 'பழைய ஆளையே கொண்டு வாங்க', 'இனிமே இந்த சீரியலைப் பார்க்க மாட்டோம்' என வரிசையாக வரும். சில மாதங்களில் அந்த சீரியல் பெயர் டாப் 5 பட்டியலில் இருக்காது. அதற்கப்புறம் ஒருநாள் 'கிளைமாக்ஸ் வாரம்' என புரொமோ வரும்.

'ஆளை மாத்தினாங்க, சீரியல் படுத்துடுச்சு' என்பதுதான் நாம எல்லாரும் சொல்லும் தீர்ப்பு. ஆனால், ஆளை மாத்தியும் வருஷக்கணக்கில் ஓடிய சீரியல்கள் நம்ம ஊர்லயே இருக்கு. அதே ஹீரோ ஹீரோயினை வைத்துக்கொண்டே தூங்கிப்போன சீரியல்களும் இருக்கு. அப்போ உண்மையான வில்லன் யாரு? காஸ்டிங்கா, கதையா?

இதைப் புரிஞ்சுக்க ஒரு சூப்பர் உதாரணம் இருக்கு. ஒரே கதை, வெவ்வேறு மொழி, வெவ்வேறு முடிவுகள்!

கேரளாவில் போட்ட விதை

2014 அக்டோபரில் மலையாள ஏசியாநெட்டில் தொடங்கியது 'கறுத்தமுத்து'. நிறத்துக்காக ஒதுக்கப்படும் ஒரு பெண், அவளைக் கல்யாணம் செய்யும் டாக்டர், நடுவில் வரும் சந்தேகம். இதுதான் கரு. இந்தக் கரு தெலுங்கில் 'கார்த்திக தீபம்', கன்னடத்தில் 'முத்துலட்சுமி', தமிழில் 'பாரதி கண்ணம்மா', மராத்தியில் 'ரங் மாஜா வேகளா' என ஊர் ஊராகப் போனது.

மலையாளத்தில் ஹீரோயினாக முதலில் நடித்தவர் பிரேமி விஸ்வநாத். பாதியிலேயே அவர் இடத்துக்கு ரேணு சௌந்தர் வந்தார். இருந்தும் சீரியல் 2019 வரைக்கும் ஓடியது. பிரேமி என்ன ஆனார் தெரியுமா? அதே கதையின் தெலுங்கு ரீமேக்கில் தீபாவாகப் போனார். 'வண்டலக்கா' என்று தெலுங்கு வீடுகள் கொண்டாடும் ஸ்டார் ஆனார். ஒரு சேனல் தயங்காமல் மாற்றிய முகம், பக்கத்து மாநிலத்தில் சீரியலின் உயிராகவே மாறியது. ஒரு நடிகரின் மதிப்பை முன்கூட்டியே கணக்குப் போடுவது அவ்வளவு ஈஸி இல்லை!

டி.என்.ஏ டெஸ்ட் எடுக்க என்ன பிரச்னை டாக்டர்?

நம்ம 'பாரதி கண்ணம்மா'வுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் விஜய் டி.வி-யில் ஆரம்பம். இயக்கம் பிரவீன் பென்னட். கண்ணம்மாவாக ரோஷினி ஹரிப்ரியன், பாரதியாக அருண் பிரசாத், வெண்பாவாக ஃபரினா. 2020-ல் கர்ப்பிணி கண்ணம்மா பையைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டு நடக்க ஆரம்பித்தார். நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். அந்த நடையை வைத்து வந்த மீம்ஸ், சீரியலே பார்க்காத பசங்களையும் சீரியல் பக்கம் கொண்டு வந்தது. கிண்டல்கூட விளம்பரம்தான்!

கதையின் முடிச்சு எளிமையானது. பாரதிக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று வெண்பா ரிப்போர்ட்டில் விளையாடுகிறார். அதை நம்பும் பாரதி, மனைவி வயிற்றில் இருக்கும் குழந்தை தன்னுடையது இல்லை என்கிறார். இரட்டைக் குழந்தைகள் பிறந்து, ஒன்று கண்ணம்மாவிடமும், இன்னொன்று பாரதி வீட்டிலும் வளர்கின்றன.

இங்கேதான் எல்லாரும் கேட்ட அந்தக் கேள்வி. பாரதி ஒரு டாக்டர். ஒரே ஒரு டி.என்.ஏ டெஸ்ட் எடுத்தால் கதை முடிஞ்சுது. ஏன் எடுக்கல?

பதில் நமக்கெல்லாம் தெரியும். எடுத்தா கதை முடிஞ்சிடும், அதான் எடுக்கல. ஒரு கதாபாத்திரம் தன் இயல்புப்படி நடக்காமல் டி.ஆர்.பி-யின் தேவைக்காக நடக்கிறது என்று பார்வையாளருக்குப் பட்ட நொடியில், கதையின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். வெண்பா கெட்டவர் என்பதால் அவர் சதி செய்வதை நம்பலாம். படித்த டாக்டர் பல நூறு எபிசோடுகளாக லேப் பக்கமே போகாமல் இருப்பதை எப்படி நம்புவது?

இருந்தும் அப்போது மக்கள் பார்த்தார்கள், டாப் வரிசையில் வைத்தார்கள். ஏன்னா, கதை மேல் நம்பிக்கை போன பிறகும் கண்ணம்மா மேல் இருந்த பாசம் போகவில்லை. 'இந்தப் பொண்ணு ஒருநாள் ஜெயிச்சுக் காட்டணும்' என்பதற்காகவே உட்கார்ந்திருந்தார்கள். கதை சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு முகம் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது.

அந்த முகம்தான் 2021 நவம்பரில் கிளம்பியது. ரோஷினி விலக, வினுஷா தேவி கண்ணம்மாவாக வந்தார். பார்க்க ரோஷினி சாயல். தன்னால் முடிஞ்சதைச் செய்யவும் செய்தார். ஆனால், அவர் கையில் கொடுக்கப்பட்டது என்ன? அதே சந்தேகம், அதே வெண்பா, அதே எடுக்கப்படாத டெஸ்ட். முகம் மட்டும் புதுசு, பிரச்னை பழசு. பழைய கண்ணம்மா மேல் இருந்த பாசத்தை டிரான்ஸ்ஃபர் செய்ய முடியாதே!

ஒருவழியாக 2022-ன் பிற்பகுதியில் டி.என்.ஏ டெஸ்ட் நடந்தது. அதற்குள் அதற்காகக் காத்திருந்த கூட்டத்தில் பாதிப் பேர் வேற சேனலில் இருந்தார்கள். ஆயிரம் எபிசோடு தாண்டிய சீரியல் 2023 பிப்ரவரியில் முடிந்தது. அதே மாதமே இரண்டாவது சீஸன். கண்ணம்மாவாக அதே வினுஷா, ஹீரோவாக 'ரோஜா' புகழ் சிபு சூர்யன். அது அந்த வருஷத்தைக்கூடத் தாண்டவில்லை.

டாக்டர் பாபுவைக் கொன்ற பிறகு...

தெலுங்கில் நடந்தது இன்னும் தடாலடி. 2017 அக்டோபரில் ஸ்டார் மா-வில் தொடங்கிய 'கார்த்திக தீபம்', பல வருஷம் தெலுங்கு டி.வி-யின் நம்பர் 1. டாக்டர் பாபுவாக நிருபம் பரிட்டாலா, தீபாவாக பிரேமி.

சந்தேகம் தீர்ந்து குடும்பம் சேர்ந்த பிறகு, அடுத்து என்ன என்ற கேள்வி வந்தது. 2022-ல் எடுத்த முடிவு, ஹீரோ ஹீரோயின் ரெண்டு பேரையும் விபத்தில் கொன்றுவிட்டு கதையைச் சில வருஷங்கள் தள்ளி ஓட விடுவது. சீரியல் பாஷையில் இதுக்குப் பேர் 'லீப்'. குழந்தைகள் ஹிமாவும் சௌர்யாவும் வளர்ந்து பெரியவர்களாகி, இனி கதை அவர்களுடையது.

பேப்பரில் எழுதிப் பார்த்தால் நியாயமான யோசனைதான். ஆனால், ஐந்து வருஷமாக வீட்டுக்குள் வந்துபோன ரெண்டு பேரை ஒரே வாரத்தில் எடுத்துட்டு, 'இவங்கதான் உங்க புது ஹீரோயின்ஸ்' என்று இரண்டு புதுமுகங்களை நிறுத்தினால்? ரேட்டிங் சரிந்தது. பதறிப்போன டீம், இறந்ததாகக் காட்டிய அதே ஜோடியை அந்த வருஷமே உயிரோடு திரும்பக் கொண்டுவந்தது. கதையின் கவனம் மறுபடி அவர்கள் மேலேயே திரும்பியது.

ஆனால், ஒருமுறை அழ வைத்துவிட்டு 'சும்மா சொன்னோம்' என்றால் அடுத்த முறை யார் அழுவார்கள்? 2023 ஜனவரியில் 'கார்த்திக தீபம்' முடிந்தது. 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடிய சீரியலின் கடைசி ஒரு வருஷம், சொந்தத் தப்பை அழிக்கிறதிலேயே போனது.

இதில் ஒரு ட்விஸ்ட்டும் உண்டு. 2024 மார்ச்சில் அதே நிருபம், அதே பிரேமி ஜோடியோடு முற்றிலும் புதுக் கதையாக 'கார்த்திக தீபம் 2' வந்தது. மறுபடி டாப் இடங்களைப் பிடித்தது. மக்கள் வெறுத்தது அந்த முகங்களை இல்லை, அவர்களை வைத்து எழுதியதை!

பாத்ரூம்ல நின்ன பாபி

'செத்தவர் திரும்ப வருவது' நம்ம ஊர்க் கண்டுபிடிப்புன்னு நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் 'டல்லாஸ்' 1980-களில் உலகமே பார்த்த சீரியல். அதில் பாபி யூவிங்காக நடித்த பேட்ரிக் டஃபி விலக விரும்பியதால், 1985 மே மாதம் பாபியைச் சாகடித்தார்கள். அவர் இல்லாத சீஸன் எடுபடவில்லை. 1986 மே மாதம், அந்த சீஸனின் கடைசி எபிசோடில் பாபி ஷவரில் குளித்துக்கொண்டு நிற்கிறார்! எப்படி? அடுத்த சீஸனில் விடை வந்தது. நடுவில் வந்த மொத்த சீஸனும் அவர் மனைவி பாம் கண்ட கனவாம்.

ஒரு வருஷக் கதை, கல்யாணம், சண்டை, துரோகம் எல்லாமே ஒரே வரியில் காலி. இதில் இன்னொரு காமெடி. டல்லாஸிலிருந்து பிரிந்து உருவான 'நாட்ஸ் லேண்டிங்' சீரியலில் பாபி சாவுக்கு அவர் அண்ணன் அழுது முடித்திருந்தார். அந்த டீம் கனவுக் கதையை ஏற்கவே இல்லை. அங்கே பாபி செத்தது செத்ததுதான். டல்லாஸ் 1991-ல் நின்றது. நாட்ஸ் லேண்டிங் 1993 வரை ஓடியது. டல்லாஸ் இறங்கினதுக்கு அந்தக் கனவு மட்டுமே காரணம் இல்லைதான். ஆனாலும், சீரியல் உலகில் 'ரசிகரை ஏமாத்துறது' என்றால் இன்னிக்கும் முதலில் சொல்லப்படும் உதாரணம் அதுதான்.

அப்போ மாத்தியும் ஓடினது எப்படி?

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' ஞாபகம் இருக்கா? 2020 டிசம்பரில் முல்லையாக நடித்த சித்ரா மறைந்தார். தமிழ் டி.வி ரசிகர்கள் இன்னிக்கும் மறக்காத இழப்பு அது. அடுத்து காவ்யா அறிவுமணி முல்லை ஆனார். 2022-ல் அவரும் விலக, லாவண்யா வந்தார். ஒரே பாத்திரத்துக்கு மூன்று பேர். இருந்தும் சீரியல் 2023 அக்டோபர் வரை ஓடியது.

காரணம், அது முல்லையின் கதை மட்டும் கிடையாது. அண்ணன் தம்பிங்க, அண்ணி தனம், மளிகைக்கடை, கூட்டுக்குடும்பம் என நாலு தூண்கள் மேல் நின்ற வீடு. ஒரு தூண் ஆடினால் மற்றவை தாங்கின. பெரிய சஸ்பென்ஸ் எதையும் பூட்டி வைத்திருக்கவில்லை என்பதால், தினமும் ஒரு சின்னப் பிரச்னை, அதற்கு ஒரு தீர்வு என்று கதை நகர்ந்துகொண்டே இருந்தது.

இந்தியில் 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ'யும் இப்படித்தான். மிஹிராக நடித்த அமர் உபாத்யாய் பாத்திரம் இறந்தபோது எழுந்த எதிர்ப்பில், மிஹிரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு அவர் விலக, இந்தர் குமார் வந்தார், அடுத்து ரோனித் ராய் வந்தார். ரோனித் ராய் மிஹிராகவே கடைசி வரை நிலைத்தார். சீரியல் 2008 வரை ஓடியது. மிஹிர் யாராக இருந்தாலும், வீட்டின் நடுவில் துளசியாக ஸ்மிருதி இரானி இருந்தார்.

தலைப்பே கிளம்பிட்டா?

இதற்கு நேரெதிர் 'சித்தி 2'. 1999-ல் தொடங்கிய 'சித்தி'யின் பெயரையும் ராதிகாவின் முகத்தையும் நம்பி 2020 ஜனவரியில் சன் டி.வி-யில் வந்த சீரியல். அடுத்த வருஷம் ராதிகா விலகினார். வெண்பா, கவின் ஜோடிக்கு ரசிகர்கள் இருந்தார்கள், சீரியல் 2022 வரை நகர்ந்தது. ஆனாலும் சித்தி இல்லாத சித்தி என்பது பருப்பு இல்லாத சாம்பார்தானே! தலைப்பிலேயே ஒருத்தரைக் கட்டி வைத்தால், அவர் போகும்போது பெயரும் சேர்ந்தே போய்விடும்.

'ராஜா ராணி 2'-ல் சந்தியாவாக ஆல்யா மானசா, அடுத்து ரியா, அடுத்து ஆஷா. பாண்டியன் ஸ்டோர்ஸ் போலவே மூன்று முகம். ஆனால், இது ஐ.பி.எஸ் ஆகணும் என்று கனவு காணும் ஒரே ஒரு பெண்ணின் பயணம். ஓடுகிற ஆளை நடுவழியில் மாற்றினால், ஃபினிஷிங் லைனில் யாருக்காகக் கைதட்டுவது?

'எதிர்நீச்சல்' விஷயம் வேறு. ஆதி குணசேகரனாக வாழ்ந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தார். யாரும் திட்டமிட்ட முடிவு இல்லை அது. எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். ஒன்பது மாதத்தில், 2024 ஜூனில் சீரியல் முடிந்தது. பெண்கள் ஆணாதிக்கத்தை எதிர்த்து நீந்தும் கதையாக ஆரம்பித்தது அது. போகப்போக குணசேகரன் எல்லாரையும்விடப் பெரிய ஆளாக வளர்ந்துவிட்டார். மொபைலில் சுற்றிய கிளிப்களில் பெரும்பாலும் அவர்தான் இருந்தார். அந்த அளவுக்கு ஒருவர் மேல் கதை சாய்ந்துவிட்ட பிறகு, வேறு யார் வந்திருந்தாலும் கஷ்டம்தான். வந்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

எல்லா உதாரணங்களும் சொல்வது ஒன்றைத்தான். முகம் மாறுவதால் மட்டும் சீரியல் சாவதில்லை. கதை தன் வேலையைச் செய்யாமல் எல்லா பாரத்தையும் ஒரு முகத்தின் மேல் ஏற்றிவிட்ட பிறகு, அந்த முகம் மாறும்போதுதான் சீரியல் சரிகிறது. காஸ்டிங் அறிவிப்பு வருவதற்கு ரொம்ப முன்னாடியே எழுத்தில் சரிவு தொடங்கிவிடுகிறது.

தெரிஞ்சே ஏன் பண்றாங்க?

எழுதுறவங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால், டெய்லி சீரியல் வேலை செய்கிற விதமே வேற. ரேட்டிங் வாராவாரம் வருகிறது. ஒரு முடிச்சுக்கு நல்ல ரேட்டிங் வந்தால், அதை அவிழ்க்க யாருக்கும் தைரியம் வராது. அவிழ்த்தால் விளம்பரப் பணம் ரிஸ்க், அவிழ்க்காவிட்டால் இந்த வாரம் சேஃப். 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்பதையே நூறு வாரம் சொன்னால் அதுதான் ஜவ்வு.

நடிகர்கள் பக்கமும் யோசிங்க. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அதே செட், அதே அழுகை. சினிமா வாய்ப்பு வரும்போதோ, உடம்பு சோர்ந்து போகும்போதோ, குழந்தை பிறக்கும்போதோ விலகுவது அவர்கள் உரிமை. அவர்கள் என்றைக்கும் இருப்பார்கள் என்று நம்பிக் கதை எழுதியவர்கள்தான் பதில் சொல்லணும்.

யாருக்கு நஷ்டம்?

தினம் அரை மணி நேரம், வாரத்தில் 6 நாள் என்று வைத்தாலே வருஷத்துக்கு 150 மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரத்தைக் கொடுத்தவருக்கு 'எல்லாம் கனவு' என்றோ, அவசரமாக முடித்த கிளைமாக்ஸையோ கொடுப்பது நியாயமா? சீரியல் சட்டென நின்றால் லைட்மேன், மேக்கப் கலைஞர், உதவி இயக்குநர், புரொடக்‌ஷன் ஆட்கள் என மொத்த யூனிட்டும் அடுத்த வேலை தேடணும்.

இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 'கறுத்தமுத்து' வகைக் கதைகள் நிறத்தை வைத்துப் பெண்ணை எடை போடும் புத்திக்கு எதிராகத் தொடங்கியவை. இதிலும் ஒரு காஸ்டிங் முரண் இருக்கு. தெலுங்கு தீபாவுக்காக பிரேமிக்கு மேக்கப்பில்தான் நிறத்தைக் குறைத்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். அவமானப்பட்ட பெண் தலைநிமிர்வாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த அவமானத்தையே ஆயிரம் எபிசோடுக்குத் தீனியாக்கினால், கதை யார் பக்கம் நிற்கிறது? கண்ணம்மா தன்னை நிரூபிக்க ஏன் ஒரு லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கணும்? அவர் தன் காலில் நின்று பிள்ளையை வளர்த்த காட்சிகள்தான் சீரியலின் பலமே. எழுத்து அந்தப் பாதையில் போயிருந்தால், டெஸ்ட் எப்போ வந்தாலும் வராவிட்டாலும் கதை நகர்ந்திருக்கும்.

உங்க சீரியல் எந்த ஸ்டேஜ்ல இருக்கு?

இப்போ நீங்க ஓ.டி.டி-யிலோ, அம்மாவோட சேர்ந்து டி.வி-யிலோ பார்த்துக்கிட்டிருக்கிற சீரியலுக்கு ஒரு குட்டி டெஸ்ட்.

1. ஒரே ஒரு போன் கால், ஒரே ஒரு உண்மை, ஒரே ஒரு டெஸ்ட்டில் முடியக்கூடிய பிரச்னை மாசக்கணக்கில் ஓடுதா?

2. ஹீரோவோ ஹீரோயினோ ஒரு வாரம் வரலைன்னா, பார்க்கிறதுக்கு வேற ஏதாவது கதை இருக்கா?

3. செத்தவர் திரும்புவது, ஞாபகம் மறப்பது, ஆள்மாறாட்டம் என்று நடந்த கதையையே அழிக்கும் ட்ராக் வர ஆரம்பிச்சிருக்கா?

முதல் கேள்விக்கு 'ஆமா' என்றால் எழுத்து களைச்சிடுச்சு. இரண்டாவதுக்கு 'இல்ல' என்றால் சீரியல் ஒரே தூண் மேல் நிக்குது. மூணாவதுக்கும் 'ஆமா' என்றால், கிளைமாக்ஸ் புரொமோவுக்கு ரெடியா இருங்க!

பாசம் வைத்த முகம் மாறும்போது கோபம் வர்றது சகஜம்தான். ஆனால், அந்தக் கோபத்தைப் புதுசா வந்து நிற்கிற நடிகர் மேல காட்டாதீங்க மக்களே. அவர் கைக்கு வந்தது ஏற்கெனவே தேய்ஞ்ச கதை. கேள்வி கேட்கணும்னா, 'அந்த டெஸ்ட்டை ஏன் அப்பவே எடுக்கல?' என்று எழுதினவங்களைக் கேளுங்க.